தீயருகே வைக்காதீர்கள்

பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நான் பிய்க்கவில்லை:
புகைக்காதீர்கள். தீயருகே வைக்காதீர்கள்.
தீக்கென்றேதான் வாங்கினேன்.
மழை விட்ட சனிக்கிழமை, திருமதி ட்ராஸ்க்ளேர் வீட்டு முற்றத்தில்
இரண்டு இறால் வலை, ஒரு இரும்புச் சட்டி,
அவற்றுக்கு நடுவே இந்த ஆக்சிஜன் இயந்திரம்.
அறுபது டாலர். பேரம் பேசவில்லை.
மணிமீட்டரில் 14,206.
இரவுக்கு எட்டு மணி என்றால் ஏறக்குறைய ஐந்து வருடம்,
அத்தனையும் அல்சீட் ட்ராஸ்க்ளேரின் மூக்கு.

ஹூமாவில் ஆகஸ்ட் மாதக் காற்றை
நாங்கள் சுவாசிப்பதில்லை, விழுங்குகிறோம்.
அரிசி போட்டு வைத்தாலும் உப்பு கட்டி தட்டும்.
இந்தக் காற்றைத்தான் அது உள்ளே இழுத்து
வெள்ளைக் குருணைகளில் வைத்து அழுத்துகிறது;
நைட்ரஜன் அங்கேயே மாட்டிக்கொள்ள
மிச்சம் எனக்கு:
நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், கொஞ்சம் கூடக் கிடையாது.
பிறகு பிடித்ததை விட்டுவிடும், ஒரு தும்மலாக.
எட்டு விநாடிக்கு ஒரு தும்மல்.

குருணைக்கு நைட்ரஜனைவிடத் தண்ணீர்மேல் ஆசை.
குடித்ததை லேசில் துப்பாது.
அது தெரியாமல் முதல் கோடையில்
டார்ச்சுக்குப் பக்கத்திலேயே கொட்டகையில் வைத்திருந்தேன்.
நல்ல சுடர் சீறும்.
ஆக்சிஜன் இளைத்தால் சீறல் முணுமுணுப்பாகும்,
ஆனால் என் காதுக்கு முன்னால் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும்:
கம்பியில் சுழன்றுகொண்டிருந்த மயில்கழுத்து மணி,
செம்பு கலந்த கண்ணாடி,
மூச்சுத் திணறி
ஈரல் நிறத்துக்குப் போனது.
ஒன்றல்ல, அந்த வாரம் நாற்பது.
ஈரல் நிறத்தில் காதணி யார் வாங்குவார்கள்?

ஆகவே இயந்திரம் இப்போது என் படுக்கையறையில்,
ஏசிக்கு எதிரே, எனக்கு வாய்த்த ஒரே உலர்ந்த இடத்தில்.
சுவரில் ஓட்டை போட்டு குழாயைக் கொட்டகைக்கு விட்டிருக்கிறேன்.
வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டாம்.
ஈரமுறிஞ்சியின் வாளி மாலைக்குள் நிறைந்துவிடும்;
வாய்க்காலில் ஊற்றுகிறேன்,
காலையில் அதுவே திரும்பி வந்து ஜன்னலில் நிற்கிறது.
வேலையில்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும்.
சும்மா கிடந்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

நேற்று திருமதி ட்ராஸ்க்ளேர் வந்தார்,
கையில் ஒரு பஞ்சு வடிகட்டி.
"அலமாரியில் கிடந்தது. இதைச் சேர்த்துத்தான் அறுபது."
மாட்டத் தெரியுமா என்று கேட்டார்.
போன வாரம்தான் புதிதாக மாட்டியிருந்தேன்.
தெரியாது என்றேன்.
அவர் உள்ளே போனார், நான் ஊதாக் கண்ணாடி அணிந்து
சுடருக்குத் திரும்பினேன்.
மணியைப் பாதியில் விட முடியாது.
விட்டால் வெடிக்கும்.

அதை உருட்டி முடித்து, சூளைக்குள் வைத்து,
போய்ப் பார்த்தால்
மடிக்காத போர்வைமேல், செருப்போடு,
வாய் திறந்து தூங்குகிறார்.
தலைமாட்டில் அது தும்ம
அவர் மூச்சு இழுக்கிறார்,
அது தும்ம, இழுக்கிறார்.

இன்னும் பதினொரு மணிகள் பாக்கி.
வெள்ளிக்கிழமை திபடோவில் சந்தை.

டார்ச்சை மூடினேன்.
மூடினால் ஓட்டம் தடைபட்டு இயந்திரம் கூவும்,
ஊரே எழுந்துவிடும் கூவல்.
அதனால் குழாயைக் கழற்றி
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்,
வாழைக் கன்றுகளின் பக்கம்.
கொசுக்கள். தூரத்தில் ஒரு படகு மோட்டார்.
நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்,
சதுப்புக்கு.